பச்சை வயர் போன இடம்

கிரைண்டர் இங்கதான். சாக்பீஸால பெருசா ஒரு வட்டம் போட்டு உள்ள கிரைண்டர்னு எழுதியாச்சு, இனி யாரு வந்து அழிச்சாலும் நான் திரும்ப எழுதுவேன். பத்து மணிக்கு கரண்டு வேல பாக்குற சவரிமுத்து வந்துருவான், வந்ததும் செவுத்த வெட்டி வயர் போற பைப் பதிக்க ஆரம்பிச்சிருவான். அக்கா, எந்தச் சாமான் எங்க நிக்கும்னு நீங்களே குறிச்சு வச்சிருங்க, மதியம் டைல்ஸ் ஒட்டுற கொத்தனார் வந்துட்டா அதுக்குப் பெறகு நீங்க கால்ல விழுந்தாலும் நான் செவுத்தத் தொடமாட்டேன்னு நேத்து சொல்லிட்டுத்தான் போனான். சரியான ஆளு, வேலைக்காரன் இப்படித்தான் இருக்கணும். இவுகளும் இருக்காகளே, கட்டிக்கிட்டு இருபத்தெட்டு வருசம் ஆச்சு, அடுப்படிக்கு எதுக்கு செல்வக்கனி ஒம்பது பாயிண்ட், ரெண்டு இருந்தாப் போதாதான்னு காலையில காப்பியக் கையில வச்சுக்கிட்டே கேக்காக. காப்பி என்ன வானத்துல இருந்தா வந்துச்சு. ரெண்டு பாயிண்ட்ட வச்சுக்கிட்டு இத்தன வருசம் நான் பட்ட பாடு எனக்கில்ல தெரியும். மிக்சியப் போடணும்னா தண்ணி ஃபில்டரப் பிடுங்கணும், கிரைண்டரப் போடணும்னா ஃபிரிட்ஜையே பிடுங்கணும், பிடுங்குன ஃபிரிட்ஜ மறந்துட்டு மறுநா காலையில பாலு திரிஞ்சு போயிக் கெடந்த கதையெல்லாம் இவுகளுக்கு எங்க தெரியப் போகுது. இந்தா இங்க ஃபிரிட்ஜ், அதுக்குத் தனி லைன். அந்த மூலையில கரண்டு அடுப்பு, அதுக்குப் பெரிய பாயிண்ட், பதினாறு ஆம்ஸ். மிக்சி மேடைக்கு மேல ஒரு முழம் ஒசரத்துல. ஃபில்டர் தொட்டி ஓரமாத்தான், ஆனா குழாய்க்கு நேர் மேல கூடாது, தண்ணி தெறிக்கும். என்னமோ எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. ராத்திரி முழுக்க கண்ண மூடிக்கிட்டு இந்த அடுப்படிக்குள்ளயே நடந்து பாத்துட்டுத்தான் காலையில சாக்பீஸ எடுத்தேன்.

கிரைண்டருக்கு மட்டும் மூணு தடவ எடத்த மாத்திட்டேன். மொதல்ல சன்னல் பக்கம் போட்டேன், அப்புறம் அழிச்சேன். அரிசி கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு இங்க போட்டேன். அவ ஒண்ணும் சொல்ல முடியாத எடமா இருக்கணும், அதான் விசயம். எட்டல, இருட்டா இருக்கு, தண்ணி நிக்கிது, போர்டு ஆடுது, ஒண்ணு, ஒரே ஒண்ணு சொல்லட்டும் பாப்போம். என் ஓரகத்தி தங்கபுஷ்பம் வாரா. பதினோரு வருசத்துக்குப் பெறகு இந்த வீட்டுக்கு வாரா. என் கொழுந்தன் சுயம்புக்கு போன ஐப்பசியில பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, அவுக இருக்கது மாடி வாடகை வீடு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், பதினெட்டு படி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னா நாற்காலியோட தூக்கி எறக்கணும். தம்பி இங்க வந்து கீழ இருக்கட்டும், ஒரே அடுப்புல பொங்கித் திம்போம்னு இவுக சொன்னாக. நானும் சரின்னுதான் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன், சுயம்பு எனக்குப் பிள்ள மாதிரி, நான் வாக்கப்பட்டு வரும்போது பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்த பய. சரின்னு சொல்லி, அதுக்குத்தான் இந்த அடுப்படியவே இடிச்சுப் போட்டுக் கெடக்கேன். அங்க இருந்து பதிலுக்கு என்ன வந்துச்சு தெரியுமா. இவுக மூலமாச் சொல்லி விட்டிருக்கா மகாராணி. வாரோம், எல்லா வேலையும் பாப்பேன், ஆனா அந்த வீட்டுக் கிரைண்டர மட்டும் தொட மாட்டேன். தொட மாட்டாளாம். பதினோரு வருசம் கழிச்சும் அதே பாட்டு. எனக்கு வந்த கோவத்துல பால் சட்டிய அடுப்புலயே தீய விட்டுட்டேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவ சாக்குச் சொல்ல எடமே வைக்கக் கூடாது, எல்லாத்தையும் புதுசா, தனித்தனியா, ஊருல எந்த வீட்டுலயும் இல்லாத அளவுக்குப் பந்தோபஸ்தாப் போட்டு வச்சு, இப்பச் சொல்லு தாயின்னு கேக்கணும்.

ஷாக் அடிக்குதுக்கா. அவ மொத மொதல்ல சொன்னது இன்னும் காதுல இருக்கு. மாவ அள்ளிக்கிட்டு இருந்தவ கைய உதறிட்டு சேலையில தொடச்சுக்கிட்டே வந்து நின்னா. நான் அப்பத்தான் உளுந்து போட்டு அரைச்சுட்டு வந்திருந்தேன், எனக்கு ஒண்ணும் அடிக்கல. அதே கிரைண்டர், அதே சுவிட்சு, அதே ஈரக் கை, எனக்கு அடிக்காத ஷாக்கு இவளுக்கு மட்டும் தேடி வந்து அடிக்குமாக்கும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு சொல்லிச் சிரிச்சேன். அப்ப இருந்த எங்க அத்தையும், அதான் இவுகளோட அம்மா, சேந்து சிரிச்சாக. சும்மா சொல்லக் கூடாது, மாவு விசயத்துல அவளுக்கு ஆடத் தெரியாமலும் இல்ல. அவ அரைச்சா இட்லி பஞ்சு மாதிரி வரும், அத்த வாய் வலிக்க வலிக்கச் சொல்லுவாக, புஷ்பம் கை பட்டா உளுந்து ஒண்ணுக்கு ரெண்டாப் பொங்குதுன்னு. அது எனக்குக் குத்தும். குத்துச்சு, இப்ப மறைச்சு என்ன ஆகப் போகுது. அந்தக் கைய வச்சுக்கிட்டு இவ வேணும்னே அரைக்க மாட்டேங்கிறா, என்னையக் கெஞ்ச விடப் பாக்குறான்னு நெனச்சேன். பத்து நா கழிச்சுத் திரும்பச் சொன்னா. திரும்பச் சொன்னா. இவுக ஒரு நா டெஸ்டரக் கொண்டு வந்து கிரைண்டரோட தகரத்துல வச்சுப் பாத்தாக, உள்ள இருக்க பல்பு மங்கலா எரிஞ்சுச்சு. பாருங்க மச்சான், எரியுது பாருங்கன்னா. இவுக பாத்துட்டு, எல்லாக் கிரைண்டர்லயும் லேசா எரியத்தான்மா செய்யும், அது ஒண்ணும் பண்ணாதுன்னுட்டுப் போயிட்டாக. நானும்தான் பக்கத்துல நின்னு பாத்தேன். எரிஞ்சுச்சு. மங்கலாத்தான் எரிஞ்சுச்சு. அப்புறம் ஒரு நா அவ செருப்பு மாட்டிக்கிட்டு அடுப்படிக்குள்ள வந்துட்டா. அத்தைக்கு அது ஆகவே ஆகாது, சாமி படம் இருக்க செவுரு, வெறுங்காலோடதான் நொழையணும். எனக்கு மட்டும்தான் சலுகை, குதிகால் வலிக்கு எம்சிஆர் செருப்பு போட்டே நடக்கணும்னு டாக்டரு சீட்டுலயே எழுதிக் குடுத்திருந்தாரு, அந்தச் சீட்ட அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டித்தான் உள்ள வந்தேன். அன்னைக்கு அத்த போட்ட சத்தத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு. நான் என்ன சொன்னேன். எனக்குச் சீட்டு இருக்கு, ஒனக்கு என்ன இருக்குன்னு கேட்டேன். அவ செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் பின்னால போனா. அடுத்த தை மாசம் தனிக்குடித்தனம் போயிட்டாக.

சரி சரி, அது கெடக்கட்டும், மணி ஒம்பதே கால். ஃபிரிட்ஜு குறிச்சாச்சு, அடுப்பு குறிச்சாச்சு, மிக்சி, ஃபில்டர், பொகை இழுக்குற ஃபேனுக்கு மேல ஒண்ணு, சார்ஜர் மாட்ட ஒண்ணு, சும்மா இருக்கட்டும்னு ரெண்டு. ஒம்பது வந்துருச்சு. நாளைக்கே ஓவன் கீவன்னு மருமக எவளாச்சும் கொண்டு வந்தா அதுக்குத்தான் அந்த ரெண்டு. நல்லவேள நான் முன்கூட்டி யோசிச்சேன். இன்னும் ஒண்ணு மீதி இருக்கு. எர்த்து எங்க இருக்குன்னு பாத்து வைக்கச் சொன்னான் சவரிமுத்து. நேத்து பழைய போர்டத் தெறந்து ஒரு குண்டு பல்ப வச்சு ஒட்டி ஒட்டிப் பாத்தான், பச்சை வயருல வைக்கும்போதெல்லாம் பல்பு எரியவே இல்ல. அக்கா, எர்த்து செத்துக் கெடக்குன்னான். எனக்குச் சுருக்குன்னு கோவம். எங்க மாமா, அதான் இவுகளோட அப்பா, கரண்டு இழுத்த நாள்ல இருந்தே பெருமையாச் சொல்லுவாக, தெருவுலயே எர்த்து போட்ட வீடு நம்ம வீடுதாம்மான்னு. செத்திருக்காதுப்பா, எங்கயோ விட்டிருக்கும்னேன். அவன் சிரிச்சுக்கிட்டு வெளக்கிச் சொன்னான். எர்த்துங்கிறது மண்ணுக்குப் போற வழிதான்க்கா, மிஷின்ல கசியிற கரண்டு அந்தப் பச்சை வயர் வழியா மண்ணுக்குள்ள எறங்கிரும், அந்த வழி அடைச்சுக்கிச்சுன்னா தொடுறவுக ஒடம்பு வழியாத்தான் எறங்கும். அந்தக் காலத்துல தனியாக் குழி வெட்டாம, மண்ணுக்குள்ள போற இரும்புத் தண்ணி பைப்புலயே கட்டி விட்டுருவாக, உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும், எங்க கட்டியிருக்குன்னு மட்டும் பாத்து வைங்கன்னான். பாத்துட்டாப் போச்சு. போர்டுல இருந்து வார பச்சை வயர் இந்தா, செவுத்தக் கொத்தி விட்டதுல நல்லாவே தெரியுது. தொட்டிக்கு மேல ஓடி, அந்த ஓட்டை வழியா வெளிய போகுது. மாமா போட்ட வயரு, என்ன கெட்டி, இன்னும் பச்சை நெறம் மங்கல. பின்வாசலத் தெறந்து போயிப் பாக்கணும். நேத்து கொத்தனார் தெளிச்ச தண்ணி இன்னும் தரையில சொதசொதன்னு கெடக்கு, வழுக்கி விழுந்தா இருக்க குதிகாலும் போயிரும்.

இந்தா வருது ஓட்டையில இருந்து. செவுத்தோரமா எறங்கி, துணி தொவைக்கிற கல்லுக்குப் பின்னால போகுது. சிலந்திக் கூடு, தேங்கா நாரு, ஒரு உடைஞ்ச பிளாஸ்டிக் மூடி. குனிஞ்சா இடுப்பு பிடிக்கிது. பைப்புலதான் கட்டியிருக்கு, மாமா சொன்னா சொன்னதுதான். அடேயப்பா, என்ன அழகா ரெண்டு முடிச்சுப் போட்டு, மேல டேப்பு சுத்தி, ஒருத்தராலயும் அவுக்க முடியாது. பாத்தியா சவரிமுத்து, செத்துப் போச்சுன்னியே, கல்லு மாதிரி இருக்கு. வெள்ளையா இருக்கு. பைப்பு வெள்ளையா இருக்கு. வெள்ளைன்னா, வெயிலு பட்டுப் பட்டு மஞ்சப் பாரிச்ச வெள்ளை. விரல மடக்கித் தட்டுனா டொக்குன்னு கேக்குது. இரும்பு இப்படிக் கேக்காது, இரும்பு கணீர்னு கேக்கும். வேற பைப்பா இருக்குமோ, இரும்பு பைப்பு பின்னால எங்கயாச்சும் இருக்குமோ. மண்ணத் தள்ளிப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. பிளாஸ்டிக்குதான். பிளாஸ்டிக்குல கரண்டு போகாதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், ஸ்குரூ டிரைவருக்குக் கைப்பிடி அதுலதான போடுதாங்க. அப்ப இந்தப் பச்சை வயர் எங்க போகுது. எங்கயும் போகல. போர்டுல இருந்து பொறப்பட்டு, செவுத்தத் தாண்டி, வெளிய வந்து, ஒரு பிளாஸ்டிக் குழாயக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிது. சரி, பிளம்பர் பண்ணுன வேல. பைப்பு மாத்துன எவனோ ஒரு கூறுகெட்டவன் பண்ணுன வேல. நாம என்ன பண்ணுவோம், நமக்கு என்ன தெரியும். இதுல எனக்கு என்ன வந்துச்சு. எந்திரிச்சு உள்ள போயி மிக்சிக்கு ஒரு கோட்ட நல்லாப் போடணும், அது கோணலா இருக்கு.

பைப்ப எப்ப மாத்துனோம். எப்பவோ. அது இருக்கும், பத்துப் பன்னெண்டு வருசம். தண்ணியில துரு வந்துச்சு, சோறு வடிச்சா மஞ்சளா இருக்கும், வேட்டியெல்லாம் காவி ஏறிப் போச்சு, நாந்தான் ஒத்தக் கால்ல நின்னேன், பைப்ப மாத்தாம இந்த வீட்டுல பொங்க மாட்டேன்னு. பங்குனிப் பொங்கலுக்கு முன்னாடி. ஆமா, மாரியம்மன் கொடியேத்தத்துக்கு வெள்ளையடிக்கணும்னு அதுக்குள்ள முடிக்கச் சொன்னேன். எந்த வருசப் பங்குனி. அத்த கீழ விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டது அதுக்கு மொத வருசம். சுயம்பு வண்டி வாங்குனது அந்தச் சித்திரையில. அப்ப புஷ்பம் இங்க இருந்தா. பைப்பு தோண்டுன குழியத் தாண்டித் தாண்டி அவதான் பிளம்பருக்கு மோரு கொண்டு போயிக் குடுத்தா. அவ ஷாக்கு அடிக்குதுன்னு மொதல்ல சொன்னது எப்ப. சித்திரை. வத்தலுக்கு மாவு அரைக்கும்போது. ஆமா, கூழ் வத்தல், மொட்டைமாடியில வெயிலு. அதுக்கு முன்னாடி ஏழு வருசம் அதே கிரைண்டர்ல அரைச்சா, ஒரு நாளும் ஒரு சொல்லு சொன்னதில்ல. பங்குனியில பைப்பு, சித்திரையில ஷாக்கு. தையில தனிக்குடித்தனம். இத நான் ஏன் ஒரு நாளும் சேத்து வச்சுப் பாக்கல. பிளம்பரு கேட்டான். இப்ப ஞாபகம் வருது, வராம இருந்தா நல்லா இருக்கும், அந்த ஆளு பழைய பைப்ப அறுத்துப் போட்டுட்டு இந்த வயரக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு, அம்மா இது என்னமோ பச்சை வயரு கட்டியிருக்கு, என்ன செய்யணும்னு கேட்டாரு. நான் இங்க நின்னுதான், இதே வாசல்ல நின்னுதான் சொன்னேன். எங்க மாமனாரு போட்டது, எதையும் அறுத்துராதீங்க, இருந்தபடியே கட்டி விடுங்கன்னேன். இருந்தபடியே கட்டிட்டாரு. ரெண்டு முடிச்சு. நான் சொன்னதத்தான் செஞ்சாரு. அப்பக்கூட எனக்கு அடிக்கலையே. நானும் அதுலதான அரைச்சேன், அவ போன பெறகு பதினோரு வருசமா நான் ஒருத்திதான அரைக்கேன், ஒரு நாளு, ஒரு சுருக்குக் கூட இல்லையே. என் கால்ல என்ன இருக்கு. குனிஞ்சு பாக்குறேன். நீலத் தோலு, அடியில கனமா ரப்பரு. அவ காலு வெறுங்காலு, ஈரத் தரை. எனக்குச் சீட்டு இருக்கு, ஒனக்கு என்ன இருக்கு.

இல்ல, அவசரப்படக் கூடாது. இப்படி நெனச்சுக்கிட்டே போனா எல்லாப் பழியும் என் தலையிலதான் விழும். பைப்புக்கும் கிரைண்டருக்கும் சம்பந்தமே இல்லாமக்கூட இருக்கலாம், டெஸ்டர் எல்லாக் கிரைண்டர்லயும் எரியும்னு இவுக சொன்னாகளே. தெரிஞ்சுக்கிட்டாத்தான் ஆச்சு. கிரைண்டர் அந்தா மூலையில சாக்கு மூடிக் கெடக்கு, பிளக்கு இன்னும் பழைய போர்டுலதான் இருக்கு, சவரிமுத்து வந்தா மொத வேலையா அந்த லைனத்தான் அறுப்பான். அறுத்துட்டா அப்புறம் யாருக்கும் தெரியாது. அறுத்துட்டா எனக்கும் தெரியாது. தெரியாமலே இருந்துரலாம். புதுசா எர்த்து போட்டு, புதுசா லைன் இழுத்து, டைல்ஸும் ஒட்டி மூடிட்டா, அவ வருவா, நானே மாவு அரைச்சுக் குடுத்துருவேன், பழசப் பேச வேண்டாம்னு பெரிய மனுசி மாதிரி நானே சொல்லிரலாம், ஊரும் அடடா செல்வக்கனி எவ்வளவு பெருந்தன்மைன்னு சொல்லும். நல்லாத்தான் இருக்கு யோசன, எனக்கே என் மூஞ்சியில காறித் துப்பத் தோணுது. சாக்க எடுத்தேன். நேத்து சவரிமுத்து ஃபிரிட்ஜத் தொட்டுப் பாத்தான், உள்ளங்கையால இல்ல, பொறங்கையால. உள்ளங்கையில அடிச்சா கை மடங்கிப் பிடிச்சுக்கிரும், விடாதுக்கா, பொறங்கையின்னா தானா ஒதறி விட்டுரும், ஆனா நீங்க ஒருக்காலும் இதச் செஞ்சு பாக்காதீகன்னான். செருப்பக் கழட்டுனேன். எத்தன வருசத்துக்குப் பெறகு இந்தத் தரையில என் வெறுங்காலு படுது. சில்லுன்னு இருக்கு, சிமெண்டுத் தண்ணி விரலுக்கு நடுவுல ஏறுது, குதிகால் விண்ணுன்னு வலிக்கிது. பயமா இருக்கு. செத்துத் தொலைஞ்சா என்ன பண்றது, வீட்டுல யாரும் இல்ல, இவுக மரக்கடைக்குப் போயிருக்காக. அவளும் இப்படித்தான தெனமும் பயந்துகிட்டே கைய நீட்டியிருப்பா. தெனமும், ரெண்டு வேள மாவுக்கு, நான் அடுத்த ரூம்ல உக்காந்து கொத்தவரங்கா நறுக்கிக்கிட்டு இருக்கையில. சுவிட்சப் போட்டேன். கல்லு கடகடன்னு சுத்துது. கையத் திருப்பி நீட்டுனேன். தகரத்துல விரல் முட்டி பட்டுச்சு, பட்டதுதான் தெரியும், முழங்கைய யாரோ ஒலக்கையால அடிச்ச மாதிரி கை தானா பறந்து போயி செவுத்துல மோதிச்சு, பல்லு நறுக்குன்னு நாக்கக் கடிச்சிருச்சு. கீழ உக்காந்துட்டேன். கிரைண்டர் பாட்டுக்குச் சும்மா சுத்திக்கிட்டே இருக்கு.

எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனோ, சேல பூராவும் ஈரம். அழுதேன். யாருக்காக அழுதேன்னு கேட்டா, கொஞ்சம் வலிக்காகவும் கொஞ்சம் பயத்துக்காகவும்தான், மீதி எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். ஏழு வருசம் ஒண்ணாப் பொங்கித் தின்னோம், எம் மகனத் தூக்கி வளத்தவ, பொய் சொல்றான்னு ஊரு பூராவும் சொல்லி வச்சேன், கல்யாணம் காட்சின்னு பாக்குற எடத்துல எல்லாம் வேல செய்ய ஒடம்பு வணங்காதவன்னு சாடை பேசுனேன். அவ ஒரு எடத்துலயும் வாயத் தெறந்ததில்ல. சவரிமுத்து வந்து வாசல்ல நின்னவன் என் கோலத்தப் பாத்துட்டு சாமானக் கீழ போட்டுட்டு ஓடி வந்தான். மொதல்ல மெயின அமத்துனான், அப்புறம் என்னையத் தூக்கி உக்கார வச்சான், நடந்ததச் சொன்னதும் வாயில வந்தபடி திட்டுனான். படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா, நெஞ்சுல எறங்கியிருந்தா இன்னைக்கு டைல்ஸா ஒட்டிக்கிட்டு இருப்போம்னான். திட்டட்டும், எனக்குத் தேவைதான். பின்னால கூட்டிட்டுப் போயி முடிச்சக் காட்டுனேன். பாத்துட்டு அவன் சிரிக்கல. இந்த ஊருல முக்காவாசி வீடு இப்படித்தான்க்கா, இரும்ப மாத்துனாக, வயர மறந்துட்டாகன்னான். மறக்கல, ஞாபகமாக் கட்டுனோம்னேன். அவனுக்குப் புரியல. மொதல்ல குழி வெட்டு, ஒம்பது பாயிண்டும் பெறகு, கரியும் உப்பும் போட்டு ஆழமா வெட்டு, கசிஞ்சா தானா விழுகிற சுவிட்சு சொன்னியே அதையும் போடு, கொத்தனார் நாளைக்கு வரட்டும் நாளான்னைக்கு வரட்டும், மண்ணுக்குப் போற வழி சரியா இருக்குன்னு நீ பல்ப எரிய வச்சு எனக்குக் காட்டாம ஒரு டைல்ஸு இந்தச் செவுத்துல ஏறாதுன்னு சொன்னேன். இவுக வந்து கத்துவாக, கத்தட்டும்.

ஃபோன எடுத்தேன். அவ நம்பரு எங்கிட்ட இல்ல, சுயம்பு நம்பருக்குத்தான் போட்டேன். அவந்தான் எடுப்பான்னு நெனச்சேன், அவதான் எடுத்தா. அலோன்னா. பதினோரு வருசத்துல என் காதுக்குன்னு அவ பேசுன மொத வார்த்த அதுதான், யாருன்னு தெரியாமப் பேசுனது. நான்தான் புஷ்பம்னேன். அந்தப் பக்கம் சுயம்போட இருமல் தூரத்துல கேக்குது. என்னென்னமோ சொல்லணும்னு கோத்து வச்சிருந்தேன், பைப்பு, பங்குனி, பிளம்பரு, முடிச்சு, நான் வாசல்ல நின்னு சொன்னது, எல்லாத்தையும் சொல்லத்தான் போறேன், ஒண்ணையும் விடப் போறதில்ல, ஆனா வாயில மொதல்ல வந்தது அது இல்ல.

"கிரைண்டர் ஷாக் அடிச்சுச்சு புஷ்பம். இப்பத்தான். எனக்கு அடிச்சுச்சு."

அவ பதறிட்டா. நான் நெனச்சே பாக்கல, பாத்தியா அன்னைக்குச் சொன்னேனேன்னு கேப்பான்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், கேட்டிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன். அவ கொரலு அப்படியே பழைய கொரலு.

"ஐயோ, ஏன்க்கா, செருப்பு போடலையா?"

தெரிஞ்சிருக்கு. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பதினோரு வருசமா, அன்னைக்குச் செருப்ப மாட்டிக்கிட்டு உள்ள வந்தாளே, அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு ஏன் அடிக்கல, அவளுக்கு ஏன் அடிக்குதுன்னு. நான் கேட்ட கேள்விக்கு அப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுதுன்னு கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. பின்னால சவரிமுத்து கடப்பாறையப் போடுற சத்தம் கேக்குது. என் ரெண்டு காலும் இன்னும் அந்த ஈரத்துலதான் இருக்கு, செருப்பு கிரைண்டர் பக்கத்துல கெடக்கு.

"இல்ல புஷ்பம், கழட்டிட்டுத்தான் தொட்டேன்"னு சொன்னேன்.